ஆளுக்கொரு வார்த்தை

ஆங்கிலம் எனக்குச் செய்ததையெல்லாம் சொல்ல உட்கார்ந்தால் ஒரு பொழுது போதாது. பள்ளிக்கூடத்தில் அது என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. பாலிடெக்னிக் முடித்த பிறகு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. அதையெல்லாம்கூட மன்னித்துவிட்டேன். ஒன்றை மட்டும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அந்த ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், காருக்கு வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. வேலை என்றால், பார்ப்பது. அச்சிலிருந்து விழும் பாகத்தை வெள்ளை விளக்குக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கீறலோ குமிழோ இருந்தால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிச் சிவப்புத் தொட்டியில் போடுவேன். சீட்டில் என்ன குறை என்று எழுத வேண்டும். அதன் பிறகு அந்தப் பாகத்தை யாரும் தொட மாட்டார்கள், சாயங்காலம் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று லைனில் பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் இரண்டு சாதி. சாம்பல் கோட்டு, நீலக் கோட்டு. வெளியே இருக்கிற சாதிகள் கேட்டோடு நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவற்றுக்கு மேல் இது ஒன்று. சாம்பல் கோட்டு டிரெய்னி. எத்தனை வருஷம் ஆனாலும் டிரெய்னிதான். ஒப்பந்தத் தாள் முடிந்தால் ஆள் முடிந்தது. நீலக் கோட்டு பர்மனென்ட். பி.எஃப். உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, பெண்களுக்குப் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. என் அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் பிளாட் ஆனதும் அப்பா ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்றார், அம்மா இன்னொரு கம்பெனியில் பெருக்கினாள். எங்கள் வீட்டில் நீலக் கோட்டு யாரும் போட்டதில்லை. நான் போட ஆசைப்பட்டேன்.

அதற்காகத்தான் கஷ்டமான ஆங்கில வார்த்தைகளைப் படிக்க ஆரம்பித்தேன். சாதாரண ஆங்கிலம் எல்லோருக்கும் கொஞ்சம் வரும். பெரிய வார்த்தை ஒன்றை எடுத்துப் போட்டால்தான் பெரிய மனுஷர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது என் கணிப்பு. அந்தக் கணிப்பு சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

கல்யாணமாகி மீஞ்சூரில் குடியிருந்தேன். அங்கிருந்து கம்பெனி பஸ் பொன்னேரி சுற்றி, நெடுஞ்சாலை ஏறி, கும்மிடிப்பூண்டி தாண்டி தேர்வாய் கண்டிகை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தில் போனில் வார்த்தைகளைப் படிப்பேன். வெறுமனே மனப்பாடம் செய்தால் கும்மிடிப்பூண்டி மேம்பாலம் வருவதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் ஓர் ஆள்மேல் ஒட்டிவிடுவேன். பார்சிமோனியஸ் என்றால் கஞ்சத்தனம் பிடித்த. அது எங்கள் ஸ்டோர் கீப்பர். பொதட்டூர்பேட்டைக்காரர், ஒரு ஜோடி கையுறை கேட்டால் பெண்ணுக்குப் போட வைத்திருந்த நகையைக் கேட்டது மாதிரி பார்ப்பார். ஆப்ஸீக்வியஸ் என்றால் குழைந்து குழைந்து கும்பிடு போடுவது. அது ஷிஃப்ட் சூப்பர்வைசர். லொக்வேஷியஸ் என்றால் ஓயாமல் பேசுவது. அது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளும் மீஞ்சூர், அவளும் சாம்பல் கோட்டு, என் லைனிலேயே எனக்கு எதிர் மேஜை. என் வயதுதான். கட்டியவன் எண்ணூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். இவள் ஒரு பெண் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலை விட்டுக்கொடுப்பாள், மத்தியானம் என் டப்பாவில் இருப்பதில் பாதியைத் தின்பாள். அவளுக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது, ஆனால் போனைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வரும். "ஒரு வார்த்த குட்றி" என்று குழம்பு கேட்பது மாதிரி என்னிடம் கேட்பாள். நானும் ஊற்றுவேன்.

ஒருநாள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆடிட்டுக்கு வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று, ஒரு பாகத்தில் இருந்த மெல்லிய கோடு ஒன்றைக் காட்டி, இது எப்போதும் வருகிறதா என்று கேட்டார். சூப்பர்வைசர் குழைந்தார், பேச்சு வரவில்லை. நான் "இன்டர்மிட்டென்ட் சார்" என்றேன். விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். வெள்ளைக்காரர் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற ஹெச்.ஆர். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிவப்புத் தொட்டிக்குள்ளிருந்து நல்ல பாகம் ஒன்று கிடைத்த பார்வை அது.

அன்று மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து காரில் வந்து போகிறவர், சிரித்த முகம், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டார். நான் பெருமை தாங்காமல் சொன்னேன், ஆள்மேல் ஒட்டுவேன் சார் என்று. ஸ்டோர் கீப்பரைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "பிரில்லியன்ட்மா" என்றார். முறை என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் வைத்திருந்தது என் மனசுக்குள். அவர் அதை எடுத்து எல்லோருக்கும் சட்டமாக்கினார்.

அடுத்த வாரமே ஆரம்பித்தது. காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் ஷெட்டில் எல்லோரும் வரிசையாக நிற்போம். கைகால் உதறும் பயிற்சி, பாதுகாப்பு உறுதிமொழி, முந்தின நாள் எத்தனை பாகம் கெட்டது என்ற கணக்கு, இவ்வளவுதான் அதுவரை. இனிமேல் இவற்றோடு லைனுக்கு ஒருவர், முறை வைத்து, சரக்குப் பெட்டி அடுக்கும் மரப் பலகைமேல் ஏறி நின்று, ஒரு பெரிய வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். வாக்கியம் அங்கே நிற்கிற ஒருவரைப் பற்றி இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்ன வார்த்தையை இன்னொருவர் சொல்லக் கூடாது. சரியாகச் சொன்னால் மூன்று கைதட்டு, ஒரு சாக்லேட். சொல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. நான் பாகத்தில் கட்டுகிற அதே சீட்டுதான். அதில் குறை என்ற இடத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதி, கோட்டுப் பையில் குத்திவிடுவார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அதோடுதான் வேலை செய்ய வேண்டும்.

"மத்தவங்களப் பத்திச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது, ஸ்போர்ட்டிவா இருக்கணும்" என்றார் ஹெச்.ஆர். மேலாளர்.

ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் விசேஷம். இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை முகத்துக்கு நேராகச் சொல்லிச் சாக்லேட் வாங்கலாம் என்றால் யார் விடுவார்கள். ஒரிசாவிலிருந்து வந்த பையன்களை அன்ஹைஜீனிக் என்றார்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரியவில்லை, கைதட்டும்போது சேர்ந்து தட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவரை லெதார்ஜிக் என்றார்கள், தூங்கி வழிகிறவர் என்று. அவர் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறவர். நான் ஸ்டோர் கீப்பருக்கு பார்சிமோனியஸை வழங்கினேன். ஷெட்டே அதிர்ந்தது. மறுநாள் அவர் எனக்குக் கேட்காமலேயே இரண்டு ஜோடி கையுறை கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அச்சு மெஷினில் ஒருவர் இருந்தார், திக்குவாய். நல்ல வேலைக்காரர். அவரைக் காட்டி ஒருவன் இன்கோஹெரன்ட் என்றான், பேச்சில் கோர்வை இல்லாதவர் என்று. சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய லைனுக்கு முறை வந்தது, பேர் அவருடையது. பலகைமேல் ஏறினார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டார். ஹெச்.ஆர். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "டேக் யுவர் டைம்" என்றார். உற்பத்தி தொடங்குகிற மணி அடித்தது. சிவப்புச் சீட்டைக் குத்தினார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து எல்லோரும் அவரை 'இன்கோ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேன்டீனில் சாம்பார் வேண்டுமென்றாலும் விரலால்தான் காட்டினார்.

சிரித்தவர்களில் நானும் உண்டு. மேலே எழுதியிருக்கிற எல்லாவற்றுக்கும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன்.

இதற்கு நடுவில் எங்கள் லைனுக்கு ஒரு லைன் லீடர் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். டிரெய்னிப் பெண்களில் ஒருத்தி. மாதக் கடைசியில் ஆர்டர். நீலக் கோட்டு. பெயர்ப் பட்டியலில் கடைசிவரை நின்றது இரண்டு பேர், நானும் என் பக்கத்து சீட்டுக்காரியும். எனக்கு வரும் என்று அவளே சொன்னாள். "ஒனக்குத்தான்டி. எனக்கு இன்னா தெரியும், நீ குடுக்கற வார்த்தைய வெச்சிக்கினு ஓட்டிக்கினு கீறேன்" என்றாள். பொறாமை இருந்ததாகத் தெரியவில்லை. என் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

சந்தோஷப்பட நேரமில்லை. வயிற்றில் இருப்பது தெரிந்தால் சாம்பல் கோட்டின் கதை என்ன ஆகும் என்று எல்லா டிரெய்னிப் பெண்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் துரத்த மாட்டார்கள், தாளைப் புதுப்பிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் நான் பர்மனென்ட், பிறகு அதே வயிற்றுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. மாதக் கடைசி வரை மறைத்தால் போதும். வீட்டுக்காரரிடம்கூட ஆர்டர் வந்தபின் சொல்லலாம் என்று இருந்தேன்.

பஸ் விட்டுவைக்கவில்லை. மீஞ்சூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பொன்னேரிக்குள் திரும்பும்போது டீசல் வாடையும் முன் சீட்டு மல்லிகைப்பூவும் சேர்ந்து அடிக்கும். குடல் வாய்க்கு வந்துவிடும். முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு பாலிதீன் கவரை என் மடியில் வைத்தாள். மறுநாளிலிருந்து அவள் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. நகத்தால் தோலைக் கீறி என் மூக்கடியில் வைப்பாள். பின் சீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், "நாஷ்டா ஒத்துக்கல அவளுக்கு, நீ ஒன் வேலயப் பாரு" என்று அதட்டுவாள். என் கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

"ஆர்டர் வர வரிக்கும் எவ கிட்டயும் மூச்சு வுடாத" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் வாந்தியெடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டபோது, "இதுக்கு இங்கிலீஷ்ல இன்னாடி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் தேடினேன். க்வீஸி. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருவது. அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. "க்யூஸி, க்யூஸி" என்று தன் வாய்க்கு வந்தபடி கும்மிடிப்பூண்டி வரை சொல்லிக்கொண்டே வந்தாள், குழந்தைக்குச் செல்லப் பெயர் வைத்தது மாதிரி. அதிலிருந்து காலையில் பஸ் ஏறியதும், "இன்னிக்கு க்யூஸியா?" என்றுதான் விசாரிப்பாள். ஒரு வார்த்தை அவள் மண்டையில் தானாகத் தங்கியது அது ஒன்றுதான்.

ஆர்டர் வரவேண்டிய வாரம். அவளுடைய முறை. அன்று ஃபேக்டரியின் தலைமை அதிகாரியே காலைக் கூட்டத்துக்கு வருகிறார் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அவளுக்கு மெட்டிகுலஸ் கொடுத்தேன். சின்னக் குறையையும் விடாமல் கவனிக்கிறவர் என்று அர்த்தம். வாக்கியம் என்னைப் பற்றி: மை ஃப்ரெண்ட் இஸ் மெட்டிகுலஸ் இன் இன்ஸ்பெக்‌ஷன். அவளுக்குச் சாக்லேட், எனக்கு அதிகாரியின் முன்னால் நல்ல பேர். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நான்தான் கணக்குப் போட்டேன். வழியெல்லாம் அவளை அதைச் சொல்ல வைத்தேன்.

பலகையில் அவளுக்கு முன்னால் ஏறியது பேக்கிங் லைனில் ஒரு பையன். அவன் வாயைத் திறந்து மெட்டிகுலஸ் என்றான்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கையில் இருந்த குடத்தை யாரோ பிடுங்கிக்கொண்ட முகம். அவன் யாரைப் பற்றியோ சொன்னான், மூன்று கைதட்டு விழுந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். முன்னால் தலைமை அதிகாரி, அவர் பக்கத்தில் ஹெச்.ஆர். மேலாளர், அவர் கையில் சிவப்புச் சீட்டு. அவள் கண் அந்தச் சீட்டிலேயே நின்றது. நான் கீழே இருந்து உதட்டை அசைத்து வேறு வார்த்தை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"க்யூஸி" என்றாள்.

"க்வீஸி" என்று திருத்தினார் ஹெச்.ஆர். மேலாளர். "வெரி குட். மீனிங்?"

"வயித்தப் பெரட்டிக்கினு வாந்தி வர மாரி இருக்கறது சார்."

"சென்டென்ஸ்?"

"மை ஃப்ரெண்ட் இஸ் க்யூஸி எவ்ரி மார்னிங் இன் தி பஸ்."

முதலில் ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி திரும்பி என் வயிற்றைப் பார்த்தாள், அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள். "யாரு அந்த ஃப்ரெண்ட்?" என்று ஹெச்.ஆர். மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். விதி அது, ஆளைக் காட்ட வேண்டும். அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. "எவ்ரி மார்னிங்கா?" என்றார். "எத்தன நாளா?"

அவளுக்கு மூன்று கைதட்டு. சாக்லேட்.

மேஜைக்கு வந்ததும் அவள் அந்தச் சாக்லேட்டை உடைத்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். "வார்த்தையே வர்லடி. அந்தப் பேமானி நம்ம வார்த்தைய எட்த்துக்கினான். சார் கைல சீட்டு. எனக்கு ஒண்ணும் தோணல, அதான் வந்துச்சு" என்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. "யாருக்கும் புரிஞ்சிருக்காதுடி" என்றும் சொன்னாள். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருக்க வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு பாகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பத்து மணிக்கு முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். எல்லோருக்கும் செய்கிற சோதனைதான் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்துக் கழிவறையைக் காட்டினாள். எல்லோருக்கும் என்றால் அன்று என் ஒருத்திக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு ஹெச்.ஆர். மேலாளரின் அறை. எழுந்து நின்று கை கொடுத்தார். கங்கிராஜுலேஷன்ஸ் என்றார். உட்காரச் சொன்னார், ஏ.சி. அதிகமாக இருக்கிறதா என்று கேட்டார், ஜில்லென்று தண்ணீர் வரவழைத்தார். பிறகு, டிரெய்னிங் இந்த மாதத்தோடு முடிகிறது, இந்த நிலைமையில் எட்டு மணி நேரம் நிற்க வைக்கக் கம்பெனிக்கு மனசு வரவில்லை, அதனால் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்.

"லைன் லீடர் ஆர்டர் சார்?"

"அது டிரெய்னியா இருக்கறவங்களுக்கும்மா. நீதான் இந்த மாசத்தோட டிரெய்னி இல்லையே." பிறகு குரலை இன்னும் இறக்கி, "இது ஒரு கம்பேஷனேட் டெசிஷன்" என்றார்.

கம்பேஷனேட் எனக்குத் தெரியும். இரக்கமுள்ள. நானே ஒருமுறை யாருக்கோ ஒட்டலாம் என்று படித்து, ஷெட்டில் ஆள் கிடைக்காமல் விட்ட வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வாக்கியம் உண்மையா இருக்கணும் சார், ரூல் இருக்குது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "நீ ரொம்ப ஷார்ப்மா, வெளில எங்க போனாலும் பொழச்சுக்குவ" என்று சொல்லி, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். போட்டேன். கேட்டில் கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து போட்டுவந்த செருப்பைக் கொடுத்தார்கள். செக்யூரிட்டி என் அப்பாவோடு வேலை பார்த்தவர், தெரியாத மாதிரி இருந்தார்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரருக்கு வேலை போனது காதில் விழவில்லை, குழந்தை மட்டும்தான் விழுந்தது. ஸ்வீட் வாங்கி வந்தார். இரண்டு நாள் கழித்து நான் அழுதபோது, "அந்த இங்கிலீஷ வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற, ஊட்ல கம்முனு இரு" என்றார். அந்த மாதக் கடைசியில் நீலக் கோட்டு அவளுக்குப் போனது. வேறு யாருக்குப் போகும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. எங்கள் பக்கம் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளிலும் இது உண்டு, பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார், அதன் பிறகு சந்தனம், வளையல், சித்ரான்னம் எல்லாம் மற்ற வீடுகளில் நடப்பதுதான். அவளை நான் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டிருக்கிறாள், உன் கூட வேலை பார்த்த பெண்ணாயிற்றே என்று. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். நீலக் கோட்டை அவிழ்க்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்து அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

என் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினாள். ஒரு வளையல்கூட உடையாமல் பக்குவமாகக் கையில் ஏற்றினாள். நன்றாக இருக்கிறாயா, கால் வீங்குகிறதா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். என்னால் அவள் முகத்தில் துப்ப முடியவில்லை, கையில் வளையல் போட்டுக்கொண்டிருக்கிறாளே. கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பேஜாருடி" என்றாள். "லைன் லீடருங்க டெய்லி சொல்லணும்னு சார் மாத்திட்டாரு. அவங்க அவங்க லைன் ஆளப் பத்தி. நம்ம லைன்ல இன்னா நூறு பேரா கீறாங்க? எல்லாருக்கும் சொல்லியாச்சு. சொன்ன வார்த்தைய மறுக்கா சொல்லவும் கூடாது."

நான் கையில் வளையல்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஒன் எடத்துக்குப் புச்சா ஒரு பொண்ணு வந்துருக்கு. பொன்னேரில ஏறுது, என் பக்கத்துலதான் ஒக்காரும். நல்ல பொண்ணு. அத்தப் பத்தி மட்டும் இன்னும் சொல்லல." கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, என் கழுத்தில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். "ஒன்ன மாரிதான்டி, காலைல பஸ்ல அதுக்கும் முடியல. ஆனா க்யூஸிதான் அன்னிக்கே சொல்லிட்டனே. அதே அர்த்தத்துல வேற வார்த்த எதுனா கீதா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் கள்ளம் என்று எதுவும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. தினமும் பஸ்ஸில் என்னிடம் குழம்பு மாதிரி வார்த்தை கேட்ட அதே முகம்.

"சொல்லாத" என்றேன். "அந்தப் பொண்ணு வேல போயிடும். என்னுது போன மாதிரியே போயிடும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. நா இன்னா பண்ண சொல்லு. லைன் லீடரே சீட்டு மாட்டிக்கினு நின்னா எவ மதிப்பா? பாப்பாவ வேற இந்த வருஷம் இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுட்டேன்." என் கையைப் பிடித்தாள், வளையல்கள் கலகலத்தன. "ஒண்ணே ஒண்ணு குட்றி. நீ குடுத்தா தப்பா இருக்காது."

எனக்கு நான்கைந்து தெரியும். வேலை போன பிறகும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன். "இல்ல" என்றேன். "அதுக்கு ஒரே ஒரு வார்த்ததான். வேற கெடையாது."

"அப்பிடியா" என்று போனை எடுத்தாள். நான் பஸ்ஸில் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். க்வீஸியைத் தப்பான எழுத்தில்தான் போட்டாள், போன் தானே திருத்திக்கொண்டு ஒரு வரிசை வார்த்தையைக் கொட்டியது. "இதோ கீதுடி, நீ இன்னா இல்லன்ற" என்று என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டாள். முதலில் இருந்ததை எழுத்துக் கூட்டினாள். நாசி என்றாள், நாவுசி என்றாள், நாசியேட்டட் என்றாள். இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே இன்னும் ஒருமுறை தப்பாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வுடு, எப்பிடி சொன்னா இன்னா, சார் புரிஞ்சிப்பாரு" என்று போனை வைத்துவிட்டு, தட்டிலிருந்து கேசரியை எடுத்து என் வாயில் ஊட்டினாள்.

நெய் வாடை ஏறியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னும் நிக்கலியாடி ஒனக்கு?" என்று பதறிப் போனாள். தன் பையைத் திறந்து உள்ளே துழாவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். நகத்தால் தோலைக் கீறி என் மூக்கடியில் வைத்தாள்.

"மோந்துக்கோ. அந்தப் பொண்ணுக்கு வாங்கி வெச்சது. பரவால்ல, காலைல பஸ் ஏறுறப்ப வேற வாங்கிக்கிறேன்."